அப்பப்பாவின் பெட்ஃபோர்ட் ஆர்எல் லொறி: சாமான் எங்கே தேடலாம்?

தாவடிப் பேரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். வண்டியின் கதை தெரிந்தால்தான் உங்களுக்குப் பதில் சொல்லச் சுகம்.

யாழ்ப்பாணம் தாவடியில் அப்பம்மா வீட்டு வளவில், பழைய புகையிலைக் கொட்டிலுக்குள் ஒரு பெட்ஃபோர்ட் ஆர்எல் நிற்கிறது. பிரிட்டிஷ் இராணுவத்துக்கென்று 1953இல் இருந்து செய்த, நாலு சில்லும் இழுக்கிற, மூக்கில்லாத லொறி. அப்பப்பா அதைத் திருகோணமலையில் ஏலத்தில் எடுத்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலக்கம்தான், ஆகவே 1950களின் கடைசியில் அல்லது அதற்குப் பிறகு பதிந்திருக்க வேண்டும். இராணுவப் பின்பக்கத்தைக் கழற்றிவிட்டு மரப் பெட்டி அடித்து, நீலம் பூசி, வன்னியில் இருந்து மரம் ஏற்றினார். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் மாரி மழைக்குள் மற்ற லொறிகள் புதைகிற இடத்தில் இது ஏறி வந்துவிடுமாம்.

எனக்கு நினைவில் நிற்பது கபின்தான். எஞ்சின் இரண்டு சீற்றுக்கும் நடுவில் இருக்கும், அதன் மூடிமேல் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தால் சூடு தொடையில் ஏறும். கூரையில் இடது பக்கம் ஒரு வட்ட மூடி. சீற்றில் ஏறி நின்று அந்த வட்டத்தால் தலையை நீட்டினால் கண்டி வீதி முழுக்கத் தெரியும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போரால் ஊரோடு இடம்பெயர்ந்தபோதும் அந்த வட்டத்தால்தான் பார்த்துக்கொண்டு போனேன். ஏழு குடும்பம் பின்னால், மழை, நாவற்குழிப் பாலம் மட்டும் நடக்கிற சனத்தோடு சனமாக முதலாம் கியரில் ஊர்ந்த லொறி. அடுத்த வருடம் சித்திரையில் திரும்பி வந்தோம், லொறியும் வந்தது. அதன் பிறகு அப்பப்பாவுக்கு இயலாமல் போய்விட்டது, கொட்டிலுக்குள் விட்டது விட்டபடிதான்.

இப்போது கைப்பிடி போட்டுச் சுற்றிப் பார்த்தேன், எஞ்சின் அசையவில்லை. பிறேக் பெடல் தரைவரை போகிறது, நாலு சில்லின் வீல் சிலிண்டரும் துருவில் இறுகிவிட்டன. முன் அச்சுக்குப் போகிற சாஃப்ற்றை யாரோ எப்போதோ கழற்றியிருக்கிறார்கள், வளவு முழுக்கத் தேடியும் இல்லை. ஒயில் சீல், றப்பர் என்று எதுவும் நம்பக்கூடிய நிலையில் இல்லை. ஊரில் விசாரித்தால் 'இதுக்கு இனிச் சாமான் இல்லைத் தம்பி' என்பதுதான் பதில். போன மாதம் இரண்டு பேர் கிலோக் கணக்கில் விலை பேச வந்தார்கள், அப்பம்மா படலையைச் சாத்திவிட்டா. அவவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. அது ஒருக்கா சத்தம் போட்டால் எனக்குக் காணும் என்கிறா.

எங்கே தொடங்குவது? சாமான் எங்கே தேடுவது? இன்னொன்று, மரப் பெட்டியைக் கழற்றிவிட்டு இராணுவத்தில் இருந்த மாதிரியே பச்சை அடித்துத் திருத்தவேண்டும் என்று கனடாவில் இருக்கிற மச்சான் சொல்கிறான். அதற்கும் உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.


கொக்குவில் கராஜ்:

தம்பி, முதலில் ஸ்ராட்டரைத் தொடாதேங்கோ. லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு ட்ரக்டர்) கட்டி இழுத்துப் பார்ப்போம் என்று யாரும் வந்தால் அவரையும் திருப்பி அனுப்புங்கோ. இறுகின எஞ்சினை இழுத்தால் பிஸ்டன் ரிங் உடையும், பிஸ்டனைப் பிடிக்கிற கொன்ரொட் வளையும். பிறகு உண்மையாகவே இரும்புக் கடைதான்.

ஒன்று சொல்லுங்கோ, 90இல் பெற்றோல் தடை வந்த பிறகு அந்த லொறி எதில் ஓடினது? மண்ணெண்ணெயில் ஓடியிருக்கும். நானும் அந்தக் காலத்தில் எத்தனையோ வண்டியை மண்ணெண்ணெய்க்கு மாற்றினவன்தான், கார்புரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோலைப் பீச்சி ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்து விடுவோம். ஓடினது. ஆஸ்பத்திரிக்குப் போக அதுதான் இருந்தது. ஆனால் எஞ்சினுக்குள் என்ன நடக்கும் என்றால், மண்ணெண்ணெய் முழுதாக எரியாது, எரியாதது சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு ரிங் வழியாகக் கீழே இறங்கி சம்ப்பில், அதாவது எஞ்சினுக்கு அடியில் இருக்கிற ஒயில் தட்டில், இருக்கிற ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணி மாதிரி ஆகிவிடும். அப்படி ஓடினால் கிராங் பெயாரிங் தேயும், வால்வு முழுக்கக் கரி கட்டும். உங்களுடைய எஞ்சின் சும்மா நின்ற எஞ்சின் என்று மட்டும் நினைக்காமல், மண்ணெண்ணெய் குடித்துக் களைத்துப்போய் நின்ற எஞ்சின் என்று நினைத்து வேலையைத் தொடங்குங்கோ.

சம்ப் பிளக்கைக் கழற்றினால் முதலில் வருவது தண்ணீரா, ஒயிலா பாருங்கோ. பிறகு ஆறு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஓட்டோமற்றிக் கியர் ஒயிலும் (ஏரிஎஃப்) அசிற்றோனும் பாதிக்குப் பாதி கலந்து நாலைந்து கரண்டி விடுங்கோ. பக்கத்தில் நெருப்பு வேண்டாம். ஒரு கிழமை விட்டுவிட்டு, குறைந்தால் இன்னும் ஊற்றுங்கோ. அவசரப்படுகிற வேலை இல்லை இது. சுற்ற முன் மேல் மூடியைக் கழற்றி வால்வு பன்னிரண்டும் ஒவ்வொன்றாகக் கீழே போய் மேலே வருகிறதா என்று தட்டிப் பாருங்கோ. ஒரு வால்வு இறுகி நிற்கும்போது சுற்றினால் அதைத் தள்ளுகிற கம்பி, புஷ்ரொட், வளைந்துவிடும். அசையத் தொடங்கினாலும் முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி ஆட்டித்தான், முழுச் சுற்று உடனே வேண்டாம். சுற்றின பிறகு சம்ப்பைக் கழற்றி பெயாரிங் ஷெல்லைக் கட்டாயம் பாருங்கோ.

இப்போது உயிர்ப் பிரச்சினை. பழைய இராணுவ வண்டிகளில் சிலதுக்கு ரிம் இரண்டு பாதியாகச் செய்து போல்ற் போட்டு இணைத்திருப்பார்கள், சிலதுக்கு ஓரத்தில் பூட்டு வளையம் இருக்கும். ரயரில் காற்று இருக்கும்போது அந்த இணைப்பு நட்டுகளையோ வளையத்தையோ தொட்டால் ரிம் பறந்து வந்து ஆளைக் கொல்லும். முதலில் வால்வுக் காயைக் கழற்றி, ஒரு கம்பி விட்டு முழுக் காற்றும் போனதென்று பார்த்த பிறகுதான் சாவியை எடுக்கவேண்டும். பிறேக் ட்ரமைத் திறந்தால் உள்ளே இருக்கிற தூசியைக் காற்றடித்து ஊதாதேங்கோ, பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். தண்ணீர் தெளித்து நனைத்துத் துடைத்து எடுங்கோ.

பிறேக், ஸ்ரியரிங், பெற்றோல் ராங்கி. இந்த மூன்றும் சரிவந்த பிறகு பெயின்ற் பற்றிக் கதைப்போம்.


ஹரோவில் இருந்து:

சாமான் இல்லை என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். ஆர்எல் என்று மட்டும் தேடுவதால்தான் கிடைக்காத மாதிரித் தெரிகிறது.

இங்கே இங்கிலாந்தில் 'கிரீன் கொடெஸ்' என்று பச்சை நிறத் தீயணைப்பு வண்டி ஒன்று இருந்தது. 1950களில் அணுகுண்டுப் பயத்தில் துணைத் தீயணைப்புப் படைக்கென்று செய்தவை. அதில் நாலு சில்லு இழுவை வகைக்குக் கீழே இருப்பது உங்கள் ஆர்எல்லின் சேசிஸ், அதே 300 கன அங்குல ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். அவற்றில் பெரும்பாலானவை பல வருடம் ஓடாமல் களஞ்சியத்தில் நின்றன. 1977இலும் 2002இலும் தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இராணுவத்தினர் அவற்றை வெளியே எடுத்து ஓட்டினார்கள், பிறகு அரசாங்கம் விற்றுத் தீர்த்தது. அதனால் எஞ்சின், கியர்பொக்ஸ், அச்சு, பிறேக் சாமான் எல்லாம் இன்றைக்கும் இங்கே கைமாறுகின்றன. விற்கிறவர் அந்தத் தீயணைப்பு வண்டியின் பெயரில்தான் போட்டிருப்பார். அதே எஞ்சின் போட்டு 1950இல் வந்த எஸ் வகைப் பெரிய பெட்ஃபோர்ட் லொறியின் பெயரிலும் தேடுங்கள். முன் சாஃப்ற் அப்படித்தான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். பூட்டுகிற முகத்தில் இருந்து முகம் வரை நீளத்தை அளந்து அனுப்பினால் நான் இங்கே கேட்டுப் பார்க்கிறேன். கடல் வழியாகப் பெட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்தானே, பாரம் ஒரு பிரச்சினை இல்லை.

ஒரு எச்சரிக்கை. இராணுவக் களஞ்சியத்தில் கிடந்த புதுச் சாமான் மெழுகுத் தாளில் சுற்றி, இலக்கம் அடித்த துண்டோடு வரும். பார்க்கவே ஆசையாக இருக்கும். உள்ளே இருப்பது இரும்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். றப்பர் என்றால் வேண்டாம். பிறேக் சிலிண்டருக்குள் போடுகிற றப்பர் கப் ஒரு பெட்டி நான் அப்படி வாங்கினேன், சுற்றின தாள் கசங்கக்கூட இல்லை, பிரித்து விரலால் வளைத்தபோது விசுக்கோத்து மாதிரி உடைந்தது. ஒருமுறையும் பாவிக்காத றப்பரும் ஐம்பது வருடத்தில் செத்துப்போகும்.

கபினுக்குள் தகரத் தகடு ஏதாவது இருக்கிறதா பாருங்கள், சேசிஸ் இலக்கத்தையும் குறித்து வையுங்கள். பெயின்றுக்குக் கீழே பழைய இராணுவ இலக்கம் கிடைத்தால் அது எங்கே எங்கே நின்றது என்று தேட வழியுண்டு. பச்சை விஷயத்தில் நான் உங்கள் மச்சான் பக்கம். அந்தக் காலத்து ஆர்எல்லுக்கு மினுக்கமான கடும் பச்சைதான், இங்கே அந்த நிறத்தைக் கலந்தே தருவார்கள். மூல நிலைக்குக் கொண்டு வந்தால்தான் அதற்கு மதிப்பு.


பஞ்சிகாவத்தைப் பக்கம்:

எல்லாவற்றையும் லண்டனில் இருந்து எடுக்கத் தேவையில்லை அண்ணை. நான் கொழும்பில் இதே வேலைதான், சொல்கிறேன்.

பெயாரிங்கைக் கடையில் போய் 'பெட்ஃபோர்டுக்கு' என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். கழற்றின பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவினால் வளையத்தின் ஓரத்தில் ஒரு இலக்கம் வெட்டியிருக்கும், அந்த இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். அங்குல அளவுக் கூம்புப் பெயாரிங் பலது இன்றைக்கும் உலகம் முழுக்கச் செய்கிறார்கள், அதே பெயாரிங் வேறு ஏதோ ட்ரக்டரிலோ ட்ரெய்லரிலோ ஓடிக்கொண்டிருக்கும். ஒயில் சீலும் அப்படித்தான். சாஃப்ற்றின் தடிப்பு, அது உட்காருகிற ஓட்டையின் அகலம், சீலின் உயரம், இந்த மூன்றையும் வேர்னியரால் அளந்து கொண்டு வந்தால் வண்டியின் பெயரே தேவையில்லை. பழைய சீலை அளக்காதீர்கள், அது சுருங்கியோ ஊதியோ இருக்கும், இரும்பை அளந்து பாருங்கள். சாஃப்ற்றில் சீல் உரசின இடம் நகத்தில் தட்டுப்படுகிற அளவுக்குப் பள்ளமாக இருந்தால் புதுச் சீலும் ஒழுகும், அந்த இடத்துக்கு மெல்லிய தகட்டுக் குழாய் அடித்து விடலாம்.

வீல் சிலிண்டரைத் தூக்கி எறிய வேண்டாம். லேத்தில் உள்ளே கடைந்து, பித்தளையிலோ ஸ்டெயின்லெஸிலோ குழாய் இறுக்கி, பழைய அளவுக்கே திரும்பக் கடைந்தால் சாதாரண அங்குல அளவுக் கப் அப்படியே போகும். கடைகிறவர் அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) கூட்டிக் கடைந்துவிட்டு 'பெரிய கப் போடுங்கோ' என்று சொன்னால் விடாதீர்கள். ஒரு சில்லுக்கு ஒரு அளவு என்று வந்தால் பிறேக் பிடிக்கும்போது லொறி பக்கத்துக்கு இழுக்கும்.

இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பெட்ஃபோர்ட் லொறி செய்தது, பாகிஸ்தானில் சித்திரம் தீட்டின பழைய பெட்ஃபோர்டுகள் இப்பவும் ஓடுகின்றன. சென்னை போகிறவர்கள் இருந்தால் புதுப்பேட்டையில் சொல்லி விடலாம். ஆனால் அங்கே இருப்பது மூக்கு வைத்த ஜே வகை, உங்களுடையது ஆர். பெயர் ஒன்று என்பதற்காக வாங்கிவிடாமல் மாதிரியைக் கையில் கொடுத்து விடுங்கள், படம் காணாது. ரயர் 11.00-20, இந்தியத் தயாரிப்பு வருகிறது. நாலும் ஒரே தேய்மானத்தில் இருக்கட்டும். முன் சாஃப்ற் போட்டு நாலு சில்லும் இழுக்கும்போது முன்னும் பின்னும் உயரம் வித்தியாசம் என்றால் கியர் எல்லாம் முறுக்கிக்கொள்ளும்.

முன் சாஃப்ற் இல்லாமலும் பின் சில்லில் ஓடும், அதைக் கடைசியாகத் தேடினால் போதும்.


தாவடிப் பேரன்:

எல்லோருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

மண்ணெண்ணெய் பற்றி அப்பம்மாவிடம் கேட்டேன், ஓம், கபினுக்குள் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் பெற்றோல் எப்பவும் இருந்தது என்று சொன்னா. சீற்றுக்குக் கீழே தேடினால் அந்தப் போத்தல் இன்னும் கிடக்கிறது, மூடியில் ஓட்டை போட்டு. சம்ப் பிளக்கைக் கழற்றியதும் முதலில் ஒரு சிரட்டை அளவு தண்ணீர் வந்தது, பிறகு கறுப்பாக ஒயில், விரலில் ஒட்டவேயில்லை. கார்புரேட்டர் வாய்க்குள் குளவிக்கூடு. வால்வுகளைத் தட்டிப் பார்த்தேன், மூன்றாவது சிலிண்டரில் ஒன்று இறுகியிருந்தது. ஒயில் விட்டு விட்டு மரச் சுத்தியலால் தட்டி நாலாம் நாள்தான் அசைந்தது. நேற்றுப் பின்னேரம் கைப்பிடியில் தொங்கிப் பார்த்தபோது 'டொக்' என்று ஒரு சத்தம், கைப்பிடி இரண்டு விரல் அகலம் இறங்கியது. திருப்பி ஆட்டினேன், இன்னும் இரண்டு விரல். இன்றைக்குக் கால் சுற்று. அப்பம்மாவைக் கதிரையோடு கொட்டில் வாசலில் கொண்டு வந்து இருத்தியிருந்தோம், அவ ஒன்றும் சொல்லவில்லை, எழும்பி வந்து மட்காட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றா.

கதவின் அடியில் 400ஆம் இலக்கத் தேய்ப்புத் தாளை நனைத்து ஒரு சாண் அளவு தேய்த்துப் பார்த்தேன். மேலே நீலம், கீழே கொஞ்சம் கடும் நீலம், பிறகு செங்கல் நிறம், அதற்கும் கீழே பச்சை. முன் பம்பரில் வெள்ளையாக ஒரு இலக்கத்தின் வளைவு தெரிகிறது, 8 அல்லது 3. இன்னும் தேய்க்கப் பயமாக இருக்கிறது. தேய்த்தால் இராணுவ இலக்கம் வரும், ஆனால் மேலே அப்பப்பா எழுதுவித்த மஞ்சள் எழுத்துப் போய்விடும்.


தச்சன் மகள்:

தேய்க்காதேங்கோ தம்பி, நல்ல வேளை நிற்பாட்டினீர்கள்.

என்னுடைய அப்பா சுன்னாகத்தில் லொறிக்குப் பெட்டி அடித்தவர், நான் அந்தப் பட்டறைக்குள் வளர்ந்தவள். உங்கள் பெட்டியைக் கழற்ற முன் சில விஷயம் பாருங்கோ. சேசிஸுக்கு மேலே குறுக்காகப் போகிற சட்டங்கள் பாலை மரமாக இருக்கும், ஆணி இறக்கினால் பிடி விடாத மரம் அது. பக்கப் பலகை வேம்பாக இருந்தால் கறையான் தொட்டிருக்காது. சட்டத்துக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு பலகைப் பட்டி வைத்து, யூ வடிவ ஆணியால் கட்டியிருப்பார்கள், நேராக ஓட்டை போட்டுப் போல்ற் இறுக்க மாட்டார்கள். காட்டுப் பாதையில் சேசிஸ் முறுகும், பெட்டி இறுகி நின்றால் ஒன்று மரம் வெடிக்கும் இல்லையென்றால் சேசிஸ் வெடிக்கும் என்று அப்பா சொல்வார். அந்தப் பட்டிக்குக் கீழேதான் தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும், ஆகவே பெட்டியைத் தூக்கிப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் தூக்கினபடியே திரும்ப இருத்தலாம், உக்கின பலகையை மட்டும் மாற்றுங்கோ. ஒவ்வொரு பலகையின் உள்பக்கமும் சோக்கால் எண் போட்டுவிட்டுக் கழற்றுங்கோ.

எழுத்தின்மேல் எண்ணெய்த் தாளை விரித்து பென்சிலால் பிரதி எடுத்து வையுங்கோ. பிறகு எந்தப் பெயின்ற்காரனாலும் அதே எழுத்தைத் திரும்ப எழுதலாம்.

பச்சையைப் பற்றி நான் சொல்லாமல் விட ஏலாது. அந்த லொறி இராணுவத்தில் இருந்தது நாலைந்து வருடம். உங்கள் வீட்டில் நீல நிறத்தில் உழைத்தது முப்பத்தைந்து வருடத்துக்கு மேலே, ஏழு குடும்பத்தை நாவற்குழி தாண்டிக் கொண்டு போனதும் நீலத்தில்தான். தாவடி வீதியால் கடும் பச்சையில் ஒரு பழைய இராணுவ லொறி வந்தால் சனத்துக்கு நெஞ்சு என்ன செய்யும் என்று வெளியில் இருக்கிறவர்களுக்கு விளங்காமல் இருக்கலாம், உங்களுக்கு விளங்கும். பதிவுப் புத்தகத்தில் இருக்கிற நிறத்தையும் பாருங்கோ.


ஹரோவில் இருந்து:

அக்கா சொன்னதை வாசித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். நான் 'மூல நிலை' என்று எழுதியது இங்கே கண்காட்சிகளில் பார்த்துப் பழகினதால். அந்த 95 இரவு நானும் அந்த வீதியில் நடந்தவன்தான், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. நீலத்தை விட்டுவிடுங்கள். இராணுவ இலக்கம் தெரியத் தேவையென்றால் பம்பரின் உள்பக்கத்தையும் கதவின் உள்பக்கத்தையும் பாருங்கள், எழுத்து இல்லாத இடத்தில் ஒரு சின்னச் சதுரம் மட்டும் தேய்த்தால் போதும்.

முன் சாஃப்ற் ஒன்று இருக்கிறது என்று ஒருவர் பதில் போட்டிருக்கிறார். நீளம் அனுப்புங்கள்.


கொக்குவில் கராஜ்:

கால் சுற்று வந்துவிட்டதென்றால் மிச்சமும் வரும். ஒயில் விரலில் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் ஷெல்லைப் பார்க்கச் சொன்னேன், மறக்க வேண்டாம். சம்ப்பைக் கழற்றுகிற அன்றைக்குச் சொல்லுங்கோ, நான் வருகிறேன். மில்லிமீற்றர் சாவிப் பெட்டியைக் கொண்டு அந்த வண்டிக்குக் கிட்டப் போகாதேங்கோ, நட்டின் மூலை மழுங்கிவிடும். அங்குலச் சாவி என்னிடம் இருக்கிறது. பற்றறியையும் இப்போதைக்குப் பூட்ட வேண்டாம். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டி பலதில் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் ஏர்த், அதாவது வண்டியின் இரும்போடு பூட்டுகிற முனை, வயரைப் பார்த்த பிறகு பூட்டுவோம்.


தாவடிப் பேரன்:

ஐயா, ஞாயிற்றுக்கிழமை காலை சம்ப்பைக் கழற்றுகிறேன், வாருங்கள், அப்பம்மா சாப்பாட்டுக்கும் சொல்லச் சொன்னா.

அக்கா, எண்ணெய்த் தாள் வாங்கி எழுத்தைப் பிரதி எடுத்துவிட்டேன். சட்டம் பாலைதான், இடப்பக்கம் பின்னுக்கு இரண்டு பலகை மட்டும் உக்கியிருக்கிறது. நீலம் நீலமாகவே இருக்கும், மச்சானுக்கும் சொல்லிவிட்டேன்.

ஹரோ அண்ணை, சாஃப்ற் பூட்டுகிற இரண்டு முகத்துக்கும் நடுவில் நூல் பிடித்து அளந்தேன், லொறி சாய்ந்து நிற்பதால் நம்பிக்கை இல்லை. முன் ரயர் இரண்டுக்கும் காற்று இறக்கி, கட்டை வைத்து மட்டம் பார்த்து இன்றைக்குத் திரும்ப அளந்து அனுப்புகிறேன். வீல் சிலிண்டர்கள் எல்லாம் கழற்றி, எந்தச் சில்லு என்று எழுதிக் கட்டி வைத்திருக்கிறேன், திங்கள் லேத்துக்குக் கொண்டு போகிறேன்.